இஸ்திரி போட்ட போணி நோட்டு

ஏனுங்க தம்பி, ஒரு இருவது ரூவாய்க்கா கண்டக்டர்கூட இந்தச் சண்டை? உடுங்க, உக்காருங்க. நோட்டு கிழிஞ்சா என்னங்க, பாதிக்கு மேல இருக்குதுல்ல? எந்த பேங்குக்கு வேணாலும் போயி நீட்டுங்க, உங்களுக்கு அங்க கணக்கு இருக்கோணும்னுகூட இல்ல, மாத்தித் தருவாங்க. இல்ல, எனக்கு இப்பவே வேற நோட்டு வேணும்ங்கறீங்களா? ஒரு வார்த்தை சொல்லுங்க, அவன் சட்டையப் புடிச்சு வாங்கித் தர்றேன். வேண்டாமா? சரி. எனக்கும் இப்ப அதெல்லாம் ஆகாது. மூணாவது கேசு வந்தா ஆஜராக மாட்டேன்னு வக்கீலு சொல்லிட்டாரு.

ஆமாங்க, ரெண்டு கேசு இருக்குது. ஒண்ணு தாராபுரத்துல, ஒரு கையி. இன்னொண்ணு பல்லடத்துல, மூணு பல்லு. அதுக்குத்தான் தெனமும் காத்தால இந்த பஸ்ஸுல போயி பத்தரை மணிக்கு ஸ்டேஷன்ல கையெழுத்துப் போட்டுட்டு வர்றேன். ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? கொலையா பண்ணிப்போட்டேன்? ரெண்டுக்கும் சேத்து ஒரே ஒரு ஐநூறு ரூவா நோட்டுங்க. கேட்டீங்கன்னா நீங்களே சொல்லுவீங்க, நாச்சிமுத்து மேல என்ன தப்புன்னு.

நோட்டைப் பத்தி இப்ப என்னைக் கேளுங்க, பேங்க்காரனாட்டச் சொல்லுவேன். ஐநூறுன்னா ரெண்டு ஓரத்துலயும் சாஞ்ச மாதிரி அஞ்சஞ்சு கோடு இருக்கும், வெரல்ல தடவினாத் தட்டுப்படோணும். நடுவுல ஓடற இழை, நோட்டைச் சாய்ச்சா பச்சை நீலமா மாறோணும். நெம்பரு இடமிருந்து வலத்துக்குப் போகப் போகப் பெருசாகோணும். வெள்ளையா இருக்கற எடத்த வெளிச்சத்துல தூக்கினா உருவம் தெரியோணும். இதெல்லாம் எனக்கு அன்னைக்கே தெரிஞ்சிருந்தா ஒரு வம்பும் வந்திருக்காதுங்க. சொல்லிக் குடுக்க ஒரு நாயும் இல்ல.

நமக்குத் தாராபுரத்துல கறிக்கடை. ஞாயித்துக்கெழமை பத்துக் கெடா விழுகும். ஊட்டுக்காரி மயிலாத்தா கல்லாவுல உக்காருவா, நான் கட்டையில நிப்பேன். எனக்குக் கோவம் வருமுங்க, அத நான் மறைக்கறதில்ல. ஆனா நாயமில்லாத கோவம் வராது. ஒருக்கா ஃபிரிட்ஜ் ரிப்பேருக்கு வந்தவன் காசையும் வாங்கிட்டு, அடுத்த நாளே கறி வாடையடிக்கற மாதிரி பண்ணிட்டுப் போயிட்டான். தேடிப் போயி ஒண்ணு உட்டேன். ஒரு காது கேக்கலைன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். இன்னொரு காது இருக்குதுல்லீங்க அவனுக்கு?

சரி, அத உடுங்க. மருதாசலத்தைச் சொல்றேன்.

எங்க கடைக்கு எதுத்தாப்புல புங்கமரம். அதுக்கடியில இஸ்திரி வண்டி போட்டிருக்கறவன் மருதாசலம். ஊடும் அந்த மரத்துக்குப் பொறத்தாலயேதான். அவனுக்கு அம்பத்தெட்டு வயசு, எனக்கு நாப்பத்தொம்பது. மூத்தவனைப் போயி அவன் இவங்கறேனேன்னு நெனைக்காதீங்க, அப்படியே பழகிப் போச்சு, அவனும் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டான். சம்சாரம் செத்துப் போச்சு. ஒரே பொண்ணு, கோகிலவாணி, பனியன் கம்பெனிக்குப் போயிட்டிருந்துச்சு.

இவன்தானுங்க எனக்கு போணி. ஒருக்கா எதேச்சையா மொதல்ல வந்து கால் கிலோ வாங்கினான். அன்னைக்குப் பதினோரு மணிக்கெல்லாம் கறி தீந்து போச்சு. அட, இவன் கை ராசிக் கைடான்னு அன்னையிலிருந்து அவன்தான். வேற எவன் காருல வந்து எறங்கினாலும், இருங்க சாமி, மருதாசலம் வரட்டும்னு நிறுத்தி வெச்சிருவேன். அவனும் ஆறு மணிக்கு டான்னு வந்துருவான். அதுலயும் அவன் குடுக்கற நோட்டு இருக்குதே, அது சும்மா நோட்டு இல்லீங்க, இஸ்திரி போட்ட நோட்டு. சிரிக்காதீங்க, நெசமாத்தான். காத்தால எந்திரிச்சுக் கரி பத்தவெச்சு, பெட்டி சூடானதும் நோட்டுமேல ஒரு துணியப் போட்டு அமுத்தித் தேச்சு, மடிக்காம ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு வருவான். வாங்கினா வெதுவெதுன்னு இருக்கும். பதினோரு வருசம் ஒரு ஞாயிறு தப்பினதில்ல. எந்தக் கறிக்கடைக்காரனுக்குங்க அப்படி ஒரு மருவாதி கெடைக்கும்? நானும் சும்மா வாங்கிக்கல, ரெண்டு துண்டு ஈரல் சேத்துப் போட்டு உடுவேன்.

போணிக் காசுக்கு எங்ககிட்ட ஒரு மொறை இருக்குது. வாங்கினதும் கத்தியில தொட்டு, கண்ணுல ஒத்தி, சாமி படத்துக்குக் கீழ வெச்சிரோணும். அத வெளிச்சத்துல தூக்கிப் பாக்கப்படாது, தடவப்படாது. போணிக் காசைச் சந்தேகப்பட்டா அன்னைக்கு யாவாரம் படுத்துக்கும். எங்கப்பன் காலத்துல இருந்தே அப்படித்தான்.

போன ஆவணியில ஒரு ஞாயிறு. வந்தவன் ஒன்றரைக் கிலோ போடுங்க மொதலாளின்னான். எனக்கே ஆச்சரியம். என்ன மருதாசலம், ஓரம்பரையா, ஊட்டுக்கு யாரு வர்றாங்கன்னேன்.

"ஆமாங்க மொதலாளி. பல்லடத்துல இருந்து கோகிலாவுக்குக் கை நனைக்க வர்றாங்க."

தம்பிக்கு எந்த ஊருங்க? உங்க பக்கமும் அது உண்டுதானே? பொண்ணைப் பாத்துப் புடிச்சுப் போனாலும், பொண்ணு ஊட்டுல சோறு தின்னாத்தான் சம்பந்தம் உறுதி. கை நனைச்சுட்டாங்கன்னா அப்பறம் பேச்சு மாறப்படாது. மருதாசலம் சொன்னான், இது மூணாவது எடமுங்க, முந்தின ரெண்டும் தட்டிப் போச்சு, பையன் தங்கமான பையன், இன்னைக்கு மத்தியானம் அவுங்க கை நனைச்சுட்டா எனக்கு வேற ஒண்ணும் வேண்டாமுங்க மொதலாளின்னு கண்ணு கலங்கினான். மூணு ஐநூறு குடுத்தான், மூணும் சூடா இருந்துச்சு. கண்ணுல ஒத்தி வெச்சேன். நல்ல தொடைக்கறியாப் பாத்துத்தான் போட்டேன், அதையும் கேட்டுக்குங்க.

ஒம்போது மணி இருக்கும். மயிலாத்தா மெல்லக் கூப்பிட்டா. ஏனுங்க, இந்த நோட்டு ஒரு மாதிரியா இருக்குதேன்னா. சாமி படத்துக்குக் கீழ இருந்த மூணுல ஒண்ணு. வெளுத்துப் போயி, வழுவழுன்னு, கோடெல்லாம் தடவினா ஒண்ணுமே தட்டுப்படல. ஓரத்துல சாயம் பரவியிருக்குது. கள்ள நோட்டுடா! அவ சொன்னா, தனியா எடுத்து வெய்யுங்க, நாளைக்கு பேங்குல காட்டிக் கேட்டுக்கலாம். இவளுக்கு என்ன தெரியும்? கள்ள நோட்டுன்னா பேங்குல புடுங்கிட்டுத் துண்டுச் சீட்டுக் குடுப்பான், பைசாத் திரும்ப வராது. ஐநூறு ரூவாய நான் எதுக்குங்க உடோணும்? எனக்கு ஒருத்தன் தள்ளுனான், நான் இன்னொருத்தனுக்குத் தள்ளறேன். எல்லாரும் பண்றதுதானே.

பதினொண்ணரைக்கு ஆட்டுக்கார ராக்கியப்பன் வந்தாரு, அவருக்கு ஞாயிறு ஞாயிறுதான் பட்டுவாடா. கத்தைக்கு நட்ட நடுவுல அந்த நோட்டைச் சொருகிக் குடுத்தேன். வழக்கமா வாங்கிப் பையில போட்டுட்டுப் போற மனுசன், அன்னைக்குன்னு பாத்து எச்சல் தொட்டுத் தொட்டு ஒவ்வொண்ணாத் தள்றாரு. நானும் கறி வெட்டற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன்.

"ஏம்ப்பா நாச்சிமுத்து, என்ன இது? நீயே கள்ள நோட்டைத் தள்ற?"

சத்தமாச் சொல்லிட்டாருங்க. கடையில பத்துப் பதினஞ்சு பேரு. ரிட்டயர்டு வாத்தியாரு ஒருத்தரு கண்ணாடியப் போட்டுப் பாத்துட்டு, ஆமாமா, சுத்தக் கள்ள நோட்டுங்கறாரு. ஒரு பொம்பளை நான் குடுத்த மிச்சக் காசை வெளிச்சத்துல தூக்கித் தூக்கிப் பாக்குது. அதப் பாத்து ஒவ்வொருத்தனாப் பாக்கறான். எவனோ சிரிச்சான். முப்பது வருசம் யாவாரம் பண்ணின கடைங்க. எனக்குக் கண்ணு இருட்டிருச்சு. கத்திய வெச்சுட்டுத்தானுங்க போனேன். அத நீங்க யாரு கேட்டாலும் சொல்லோணும், கத்திய வெச்சுட்டுத்தான் போனேன். மயிலாத்தா முந்தானையப் புடிச்சுக்கிட்டுப் பின்னாலயே ஓடியாந்தா, வேண்டாமுங்க, இன்னைக்கு வேண்டாமுங்க, ஓரம்பரை வந்திருக்குதுன்னு.

பந்தி உக்காந்திருந்தாங்க. எட்டுப் பேரு, வாசல்லயே பாய் போட்டு, எலை போட்டு, சோறு வெச்சு, மருதாசலமே குனிஞ்சு வாளியில இருந்து கறிக்கொழம்பு ஊத்திட்டு வர்றான். புது வேட்டி கட்டியிருந்தான். என்னைப் பாத்துட்டு, வாங்க மொதலாளி, வாங்க, நீங்களும் ரெண்டு வாய்னு சிரிச்சான்.

அந்தச் சிரிப்புத்தானுங்க எனக்குத் தாங்கல. கள்ள நோட்டைத் தள்ளிப்போட்டு என்னையவே சோத்துக்குக் கூப்பிடறான் பாருங்க, என்ன நெஞ்சழுத்தம்! உட்டேன் ஒண்ணு. வாளி கவுந்து கொதிக்கக் கொதிக்கக் கொழம்பு அவன் நெஞ்சுமேலயே ஊத்திக்கிச்சு. அலறிக்கிட்டு உழுந்தான். மயிரப் புடிச்சுத் தூக்கி மறுபடியும் உட்டேன். மூக்குல ரத்தம். ஒவ்வொரு அடிக்கும் கள்ள நோட்டு, கள்ள நோட்டுன்னு கத்தினேனாம், எஃப்.ஐ.ஆர்ல அப்படித்தான் எழுதியிருக்குது. எனக்கு நெனப்பில்ல. அவன் சொன்னது நெனப்பிருக்குது. மொதலாளி, அது நல்ல நோட்டுங்க, கோகிலா சுடிதாருப் பையில வெச்சுத் தொவைஞ்சு போனதுங்க, தேச்சு எடுத்தேனுங்க, வேற தந்துடறேனுங்கன்னு கதறினான். காதுல உழுந்துச்சு. ஆனா அடிக்கற நேரத்துல எவனுங்க காது குடுத்துக் கேப்பான்?

தடுக்கறதுக்கு வலது கையத் தூக்கினான். அந்தக் கையிதானேடா நீட்டுச்சுன்னு புடிச்சு வண்டியிலேயே வெச்சு அமுத்தினேன். பக்கத்துல இஸ்திரிப் பெட்டி இருந்துச்சு. பித்தளைப் பெட்டிங்க, தூக்கறதுக்கே தெம்பு வேணும். எடுத்துப் போட்டேன். ரெண்டு தடவையோ மூணு தடவையோ. ஆறிப்போன பெட்டிதானுங்க, காத்தால மூட்டின கரி மத்தியானம் வரைக்குமா இருக்கும்? கங்கு கெடந்துச்சு, தோலு வெந்து போச்சுன்னு டாக்டரு எழுதியிருக்காரு. அவுங்க எழுதறத நாம என்ன பண்றது.

நிமுந்து பாத்தா பந்தியில ஒருத்தனும் இல்ல. எட்டு எலையிலயும் சோறு அப்படியே இருக்குது, ஒரு வெரல்கூட வெக்கல. பையனோட அப்பன் சென்னியப்பன்னு ஒருத்தன், செருப்ப மாட்டிக்கிட்டே, நல்லவேளை, கை நனைக்கறதுக்கு முன்னால தெரிஞ்சுதுன்னு சொல்லிட்டு வேனுல ஏறினான். பையன் மட்டும் ஏறாம திரும்பித் திரும்பிப் பாத்தான், கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயிட்டாங்க. அந்தப் புள்ள கோகிலா பட்டுச்சீலையோட ஓடி வந்து அப்பன் கையத் தூக்கித் தம் மடியில வெச்சுக்குச்சு. என்னைய ஒண்ணும் கேக்கல.

திங்கக்கெழமை எஸ்.ஐ. என்னையும் கூட்டிட்டு பேங்குக்குப் போனாரு. கேசியர் அம்மா அந்த நோட்டை ஒரு நீல வெளிச்சத்துல வெச்சுப் பாத்துச்சு, பூதக்கண்ணாடியில பாத்துச்சு, எந்திரிச்சு ஜன்னல்கிட்டப் போயித் தூக்கிப் பாத்துச்சு. நான் உள்ளுக்குள்ள மயில்வாகனா, கள்ள நோட்டுன்னு சொல்லோணும்னு வேண்டிக்கிட்டிருக்கேன். அந்தம்மா திரும்பி வந்து சொல்லுச்சுங்க:

"இது நல்ல நோட்டு சார். சோப்புத் தண்ணியில ஊறி, மேல இஸ்திரி வேற போட்டதால இப்படி ஆயிருக்கு. கவுன்ட்டர்ல குடுத்திருந்தா அப்பவே மாத்திக் குடுத்திருப்போம்."

அந்தம்மாதான் கோடு, இழை, நெம்பருன்னு எல்லாத்தையும் காட்டுச்சு. கிழிஞ்ச ஐநூறுல நூத்துக்கு எம்பது பங்கு இருந்தா முழுசும், நாப்பதுக்கு மேல இருந்தா பாதியும் கெடைக்குமாம். சந்தேகமா ஒரு நோட்டு வந்தா யாருக்கும் தள்ளப்படாது, நேரா பேங்குக்குத்தான் கொண்டாரோணுமாம். கள்ள நோட்டுன்னு தெரிஞ்சே அடுத்தவங்களுக்குக் குடுத்தா அது பெரிய குத்தம், செயிலுன்னுச்சு. எனக்கு வேர்த்துப் போச்சுங்க. ராக்கியப்பனுக்கு நான்தானே சொருகினேன்? நல்லவேளை, அது நல்ல நோட்டாப் போச்சு. இல்லீன்னா அதுக்கும் எம்மேல ஒரு கேசு விழுந்திருக்கும். எனக்குச் சாமி தொணை இருக்குதுங்கறது அப்பத்தான் தெரிஞ்சுது.

இருவத்திமூணு நாளு உள்ள இருந்தேன். மருதாசலத்துக்குக் கையில ரெண்டு பிளேட்டு. மூணு வெரலு மடங்காது. டம்ளரு புடிக்க முடியாது, பெட்டி எங்க புடிக்கறது? வக்கீலு சொன்னாரு, நாச்சிமுத்து, கேசை முடிச்சுக்கலாம்னு மருதாசலம் ராஜிக்கு வந்தாத்தான் நீ தப்பிப்பே, இல்லீன்னா வருசக் கணக்குல உள்ளதான். சரின்னு மயிலாத்தாகிட்டப் பழம், பணமெல்லாம் வெச்சுக் குடுத்து உட்டேன். பழத்த வாங்கிக்கிட்டானாம், பணத்தத் திருப்பிட்டானாம். கையெழுத்துப் போடறேனுங்க அம்மணி, ஆனா ஒண்ணே ஒண்ணுன்னானாம்.

"பல்லடத்துக்குப் போயி, அன்னைக்குப் பந்தியில உக்காந்தவங்ககிட்ட, மருதாசலம் குடுத்தது நல்ல நோட்டுன்னு மொதலாளியோட வாயால சொல்லச் சொல்லுங்க. பையனுக்கு இன்னமும் மனசு இருக்குதுங்க. அவுங்கப்பாதான், கள்ள நோட்டுக்காரன் ஊட்டுல சம்பந்தம் வேண்டாங்கறாருங்களாம். மொதலாளி சொன்னா நம்புவாங்க. அப்பறம் எடது கை ரேகையே வெச்சுத் தர்றேன்."

எனக்கு வந்துதே ஆத்திரம்! ரெண்டு லட்சம் கேளு, குடுக்கறேன். ஆஸ்பத்திரிச் செலவு கேளு, அதுவும் குடுக்கறேன். நான் போயி எவனோ ஒருத்தன் ஊட்டு வாசல்ல நின்னுக்கிட்டு, தப்பா அடிச்சுப்போட்டேன், நல்ல நோட்டுங்கன்னு சொல்லோணுமாமா? சும்மாவா அடிச்சேன்? அந்த நோட்டைப் பாத்தா ராக்கியப்பனே கள்ள நோட்டுன்னாரு, வாத்தியாரு கண்ணாடி போட்டுப் பாத்துட்டுச் சொன்னாரு. தொவைஞ்ச நோட்டைத் தேய்க்காம பேங்குல குடுத்து மாத்தியிருந்தான்னா இவ்வளவும் வந்திருக்குமா? அவன் மேலயும்தான் தப்பு இருக்குது. அஞ்சு மாசம் போகவே இல்லீங்க. ஞாயித்துக்கெழமை கடை தொறந்தா எதுத்தாப்புல கோகிலா கம்பெனிக்குப் போகாம வண்டியில நின்னு தேச்சுக்கிட்டிருக்கும், அவன் பக்கத்துல ஒரு ஸ்டூல்ல உக்காந்து சும்மா பாத்துக்கிட்டிருப்பான். யாவாரமும் முன்ன மாதிரி இல்ல.

போன மாசம் மயிலாத்தா பெட்டியக் கட்டிட்டா. நீங்க பல்லடத்துக்குப் போறீங்களா, நான் எங்கண்ணன் ஊட்டுக்குப் போகட்டுமான்னா. என்னமோ தெரியலீங்க, அன்னைக்குச் சரின்னுட்டேன். வெள்ளை வேட்டி கட்டி, ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கிட்டு, பேங்குல நல்ல நோட்டுன்னு எழுதிக் குடுத்த பேப்பரோட நகலை மடிச்சு வெச்சுக்கிட்டு, இதே பஸ்ஸுலதான் வந்தேன். வழியெல்லாம் சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன். நல்ல நோட்டுதானுங்க. மருதாசலம் குடுத்தது நல்ல நோட்டுதானுங்க. அந்தக் கை, அந்த மூணு வெரலு, அதெல்லாம் கண்ணு முன்னால வந்துச்சு. பொய் சொல்லலீங்க தம்பி, பஸ்ஸுலயே அழுதுட்டேன்.

சென்னியப்பன் பல்லடத்துல லாண்டரி வெச்சிருக்கறான். கரண்டு இஸ்திரி. என்னைப் பாத்ததும் எந்திரிச்சு ரெண்டு எட்டுப் பின்னால போனான். பயப்படாதீங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். நான்! கும்பிட்டு, கேட்டுக்குங்க, மருதாசலம் குடுத்தது நல்ல நோட்டு, நாந்தான் அவசரப்பட்டுட்டேன், அந்தப் புள்ளைய உங்க பையனுக்குப் பண்ணுங்கன்னு சொன்னேன். சொல்லிட்டேனுங்க. முழுசாச் சொல்லிட்டேன்.

அவன் என்ன சொன்னான் தெரியுமா?

"ராஜிக்காக வந்திருக்கீங்க, எனக்குத் தெரியாதா? எவ்வளவு குடுத்தீங்க அவனுக்கு?"

பேப்பரைக் காட்டினேன். கையில வாங்காமயே சொன்னான். ஏனுங்க, நானும் கண்ணால பாத்தவன்தானே, ஒண்ணுமில்லாததுக்கு எவனாவது ஒரு மனுசனை அந்த அடி அடிப்பானா? அடிச்ச அடியிலயே தெரிஞ்சு போச்சுங்க, அவன் கள்ள நோட்டுக்காரன்தான், இப்ப வந்து மாத்திப் பேசாதீங்கன்னான்.

நான் நின்னேன். நெசமா நின்னேன் தம்பி. இல்லீங்க, நல்ல நோட்டுங்கன்னேன். சிரிச்சான். நல்ல நோட்டுங்கறேன்லன்னேன். போங்க போங்கன்னு பழத்த எடுத்து என் கையிலயே திணிச்சான். பதினோரு வருசம் எனக்கு போணி பண்ணின மனுசனுங்க. ராசிக் கை. அவனைப் போயி இவன் கள்ள நோட்டுக்காரங்கறான். பொறுக்குமா? மருதாசலத்துக்காகத்தானுங்க அடிச்சேன். எனக்காக இல்ல. ஒரே குத்து, மூணு பல்லு தெறிச்சுச்சு. கவுன்ட்டர் மேல சாஞ்சவனைத் திருப்பிப் புடிச்சு, நல்ல நோட்டு, நல்ல நோட்டு, சொல்றா நாயேன்னு உட்டேன். பையன் உள்ள இருந்து ஓடியாந்தான். தங்கமான பையன்தான், என் காலப் புடிச்சு, உடுங்க மாமா, உடுங்கன்னு கெஞ்சறான். காலப் புடிச்சது அவன்னு எனக்கு அப்பறம்தான் தெரியும். ஒரு ஒதை உட்டேன், போயி சுவத்துல மோதி மண்டை ஒடைஞ்சு போச்சு. அஞ்சு தையலு.

அப்பறம் என்ன, அவுங்க ஊட்டுல ஒரே பேச்சா முடிவு பண்ணிட்டாங்க, கோகிலாங்கற பேரையே எடுக்கப்படாதுன்னு. பையனும் போனை மாத்திட்டானாம்.

நேத்துத்தானுங்க மருதாசலத்தைப் பாக்கப் போனேன். நான் வாக்கக் காப்பாத்திட்டேன், அவன் காப்பாத்தோணும்ல? ஸ்டூல்ல உக்காந்திருந்தான். புள்ள தேச்சுக்கிட்டிருந்துச்சு. மருதாசலம், பல்லடத்துக்குப் போயிச் சொல்லிட்டேன், நல்ல நோட்டுன்னு சொல்லிட்டேன், ராஜிப் பேப்பரைக் கொண்டாந்திருக்கேன்னு நீட்டினேன். அந்தப் புள்ள பெட்டியத் தூக்கி ஓரமா வெச்சுது. என்னை நேராப் பாத்துச்சு. அத்தனை மாசத்துல அதுதான் அது எங்கிட்டப் பேசின மொத வார்த்தை.

"அடிக்காமச் சொன்னீங்களா?"

இதென்னங்க கேள்வி? எனக்குச் சுருக்குன்னு ஆயிப்போச்சு. கோவமில்லீங்க, வேற என்னமோ. ஆனா கை மேல போயிருச்சு. நானாத் தூக்கலீங்க, அதாப் போயிருச்சு. அந்தப் புள்ள நகரவே இல்ல. மருதாசலம் ஸ்டூலத் தள்ளிட்டு எந்திரிச்சு நடுவுல வந்து நின்னான். அந்த மூணு வெரலு மடங்காத கையத்தான் எம் முன்னால நீட்டினான்.

"இதுலயே அடிங்க மொதலாளி. இது ஏற்கெனவே போனதுதான்."

நான் அடிக்கலீங்க தம்பி. கைய எறக்கிட்டேன். எறக்கிட்டு நேரா ஊட்டுக்கு வந்துட்டேன், ஊட்டுல மயிலாத்தா இல்ல, போயிட்டா. சத்தியமா அடிக்கலீங்க. அடிச்சிருந்தா அடிச்சேன்னு சொல்லியிருக்க மாட்டேனா? இத்தனையும் மறைக்காமச் சொன்னவன் அத மட்டும் மறைப்பேனா? நீங்க நம்பறீங்கதானே?

ஏனுங்க, எதுக்கு எந்திரிக்கறீங்க? பல்லடம் இன்னும் வல்லீங்களே. அங்க முன்னால எடமே இல்ல, நின்னுக்கிட்டா வரப் போறீங்க? தம்பி! உங்களைத்தானுங்க. நம்பறேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. சொல்லுங்கங்கறேன்ல!